இரண்டு ரப்பர் பேண்ட் காபி

என் மாமனாருக்குக் கண்ணின் நடுப்பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. ஓரங்கள் மட்டும் தெரியும். அதனால் என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எனக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபிரிட்ஜைப் பார்த்துப் பேசுவார். அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோவுக்கு எங்களோடு இருக்க வந்த நாளிலிருந்து காலைக் காபி அவர் பொறுப்பு. செய்தித்தாள் போய்விட்டது, தனியாக நடை போவதும் நின்றுவிட்டது. மிச்சம் இருந்தது அந்தக் காபிதான்.

அதற்கும் ஆபத்து வந்தது. எங்கள் வீட்டில் காலி ஜாம் பாட்டில் எதுவும் குப்பைக்குப் போகாது. ஃபிரிட்ஜில் ஒரே மாதிரி இரண்டு. ஒன்றில் டிக்காஷன், இன்னொன்றில் புளிக்கரைசல். ஒரு சனிக்கிழமை, வந்திருந்த பக்கத்து பிளாக் தம்பதிக்குப் புளிக்காபி கிடைத்தது. பால் திரிந்து மிதந்தது. அந்த மனிதர் நல்லவர். பாதி குடித்துவிட்டு, "டேஸ்ட் டிஃபரன்ட்டா இருக்கு அங்கிள்" என்றார். நான் சிரிப்பை அடக்க பாத்ரூமுக்கு ஓடினேன்.

என் கணவர் சிரிக்கவில்லை. "அப்பா, இனிமே நீங்க கிச்சன் பக்கம் வராதீங்க. நாளைக்கு ஸ்டவ்ல கையை வெச்சுப்பீங்க."

"சரிப்பா" என்றார் மாமனார். அந்த 'சரிப்பா'வை என்னால் தாங்க முடியவில்லை. வேறு பாட்டிலில் ஊற்றி வைக்கும் புத்தி நமக்கு இல்லை, தண்டனை மட்டும் அவருக்கா? பெரிய சண்டையே போட்டேன். ஒரு வாரம் தவணை கிடைத்தது. அதற்குள் இன்னொரு தப்பு நடந்தால் காபி வேலை காலி.

ஐசலின் ஊர் இந்தியக் கடைக் கொத்தமல்லிக் கட்டுகளில் வரும் ரப்பர் பேண்டுகளை நான் சேர்த்து வைப்பேன். அவற்றை வைத்து மாமனாரும் நானும் ஒரே கூத்தடித்தோம். டிக்காஷனுக்கு இரண்டு, புளிக்கு ஒன்று, சர்க்கரைக்கு மூன்று. அடுப்புக் குமிழில் 'லோ' வரும் இடத்தில் என் மகளின் புடைத்த பூனை ஸ்டிக்கர். போகிற வேகத்தில் கணவரின் ஷாம்பூவுக்கும் நான்கு மாட்டினோம்.

ஏழாம் நாள் காலை கணவர் கையைக் கட்டிக்கொண்டு கிச்சன் வாசலில் நின்றார். மாமனார் பாட்டிலை எடுத்துத் தடவினார். இரண்டு பேண்ட். மூடியைத் திறந்து முகர்ந்தார். புளி வாசனை. பிறகு ஒரு பேண்டைக் கழற்றி அடுத்த பாட்டிலில் மாட்டி, அதிலிருந்து ஊற்றினார். முந்தின நாள் பாட்டில்களைக் கழுவி பேண்ட் மாட்டியது நான்தான்.

கணவருக்கு எதுவும் புரியவில்லை. ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாய் குடித்தார். "நாளைக்கும் நீங்களே போடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு டம்ளரோடு போய்விட்டார்.

மாமனார் ஃபிரிட்ஜைப் பார்த்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நீயும் ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடேம்மா."