உமாதேவி டீச்சரின் வெள்ளிக்கிழமை வகுப்பு

மார்க்கையன்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட உமாதேவி, சின்னமனூரில் ஒரு பெண்கள் பள்ளியில் வணிகவியல் ஆசிரியை. பாடத்தைவிடப் பிள்ளைகளின் சண்டைகள்தான் அவளுக்கு அதிக வேலை வைத்தன. அழுதுகொண்டு வருகிறவள் எல்லாம் "அவதான் மிஸ்" என்றே ஆரம்பிப்பாள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், பிளஸ் ஒன் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடைத் தலைமையாசிரியையிடம் கேட்டு வாங்கினாள்.

அந்த வகுப்புக்கு ஒரே சட்டம். பேச்சை 'அவ' என்று தொடங்கக் கூடாது, 'நான்' என்று தொடங்க வேண்டும். என் கூட்டாளிக்கு நான் எப்படிப்பட்டவள் என்று கண்ணை மூடி யோசித்து, தோன்றியதை எழுந்து சொல்ல வேண்டும்.

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி, "நான் அவ கொண்டாந்த சாப்பாட்டக் கேலி பண்ணேன்" என்றாள். இன்னொருத்தி, "புதுக் கூட்டாளி கெடச்சதும் நான் பழையவள விட்டுட்டேன்" என்றாள். தனித்தனியாகச் சாப்பிட்டவர்கள் வேப்பமரத்தடியில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். உமாதேவிக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வகுப்பில்தான் மகிமா இருந்தாள். கடைவீதியில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் பொன்னுராஜின் மகள். அவளுக்குத் திக்குவாய். ஒரு பள்ளி விழாவில் முல்லைப் பெரியாறு பற்றிப் பேச மேடையேறியவள் முதல் எழுத்திலேயே சிக்கிக்கொண்டாள். அந்தத் திக்கலை மட்டும் வெட்டி, பாட்டுச் சேர்த்து, யாரோ வாட்ஸப்பில் விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் பெயர் 'முமு'. யார் செய்தது என்று தெரியவில்லை. மகிமா தன் உயிர்க்கூட்டாளி சினேகாவின் தோளில் விழுந்து அழுதாள். சினேகா கண்ணைத் துடைத்துவிட்டு, "செஞ்சவ நல்லாருக்க மாட்டா" என்று கூடச் சேர்ந்து திட்டினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சினேகா எழுந்தாள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"நான்தான் மிஸ் அந்த வீடியோவ விட்டேன். எல்லாரும் சிரிப்பாகன்னு விட்டேன். அவ அழுதப்ப சொல்லப் பயமாருந்துச்சு."

சொல்லிவிட்டு உடைந்து அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள், முதுகைத் தடவினார்கள். உமாதேவிக்கே கண் கலங்கியது. இதற்காகத்தானே இந்த வகுப்பு என்று நினைத்தாள். மகிமாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"மகிமா, சினேகா எவ்வளவு தைரியமாச் சொல்லிட்டா பாத்தியா? நீ என்னம்மா சொல்ற?"

மகிமா எழுந்தாள். உதடு துடித்தது. "ம... ம... ம..." அதற்கு மேல் வரவில்லை. பின்பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்றா மிஸ்!" என்று ஒருத்தி முடித்து வைத்தாள். சினேகா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். வகுப்பே கைதட்டியது. மகிமாவின் இரண்டு கைகளும் தொங்கியபடியே இருந்தன.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. அந்த வாரமே பொன்னுராஜ் வந்து டி.சி. கேட்டார்.

உமாதேவி அன்று சாயங்காலமே கடைக்குப் போனாள். மகிமா வளையல் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா சுகிர்தம் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

"நான் ஒங்கிட்ட அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா. நீ அவள மன்னிக்கணும்னு ஒண்ணும் இல்ல."

"மன்னிச்சாச்சே மிஸ்" என்றாள் மகிமா. "அதான் எ... எல்லாரும் கைதட்டுனாகளே."

மகிமா நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகத் தள்ளிக்கொண்டு பேசினாள்.

"அவ அழுதா, அவளத் தே... தேத்துனீக. எனக்கு இருந்தது அவ ஒருத்திதான் மிஸ். தெரியாமலே இருந்திருந்தா, பொ... பொய்யாவது ஒரு கூட்டாளி இருந்திருப்பா."

"வேற நல்ல பிள்ளைக கெடைப்பாக மகிமா."

"வே... வேணாம் மிஸ்."

தேனியில் அத்தை வீட்டில் தங்கி மகிமா வேறு பள்ளியில் சேர்ந்தாள். அங்கன யாரோடும் சேருவதில்லை, மதியச் சாப்பாட்டைக்கூடத் தனியாகத்தான் சாப்பிடுகிறாள் என்று சுகிர்தம் பின்னொரு நாள் பஸ்ஸில் பார்த்தபோது சொன்னாள். குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் உமாதேவிக்குத் தாங்கவில்லை.

ஆண்டு விழாவில் 'தவறை உணர்ந்தேன்' என்று பேசச் சினேகாவைத் தேர்ந்தெடுத்தார்கள். உமாதேவி வேண்டாம் என்றாள். "நல்ல விசயத்த ஏன் டீச்சர் தடுக்குறீக?" என்றார் தலைமையாசிரியை. சினேகா தடுமாறாமல் பேசினாள். பரிசும் கிடைத்தது.

மேடையிலிருந்து இறங்கி நேரே உமாதேவியிடம் வந்தாள். "மிஸ், நான் திருந்திட்டேன்னு மகிமாவுக்கு யாராச்சும் சொல்லுவாகளா?"

"சொன்னா அவளுக்கு என்ன கெடைக்கும்?"

சினேகாவின் முகம் சுருங்கியது. அவள் கெட்ட பிள்ளை இல்லை என்று உமாதேவிக்குத் தெரியும். ஆனாலும் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல அன்று நாக்கு எழவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பை அவள் மாற்றினாள். யோசிக்கலாம், எழுந்து சொல்லக் கூடாது. "செஞ்ச தப்ப இனிமே யாருக்கும் செய்யாம இருங்க, அது போதும். மன்னிப்புக் கேக்கணும்னா தனியாப் போய்க் கேளுங்க. பதில் வரலைன்னா திரும்பி வந்திருங்க" என்றாள். அழுகையும் கைதட்டலும் இல்லாத வகுப்பு பிள்ளைகளுக்குச் சலித்தது. பாதிப் பேர் தூங்கினார்கள்.

அடுத்த வருடம் அந்தப் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிட்டார்கள். உமாதேவி மறுத்து ஒன்றும் பேசவில்லை.