அண்ணி திறந்த மாடி அறை

எங்கள் அண்ணிக்குப் பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். மகள் தவழத் தொடங்கும் முன்பே அண்ணன் லாரி ஓட்ட வெளிநாடு போய்விட்டான். உள்ளூரில் பிழைக்க வழியில்லை. "ஒரு வழி நான் பண்றேன். அவர் திரும்பி வந்தே ஆகணும்" என்றாள் அண்ணி. அவள் பண்ணிய வழி, ஓட்டை உடைசல் போட்டு வைத்திருந்த மாடி அறை. அருவி பார்க்க வருகிறவர்களுக்கு அதை வாடகைக்கு விடப் போகிறாளாம்!

"எலியே யோசிச்சு வர்ற ரூம் அண்ணி இது" என்றேன்.

"நீ குழாயை மாட்டு தம்பி. வர்றவங்களை நான் பாத்துக்கறேன்."

குழாய் ரிப்பேர்தான் என் தொழில். வாயை மூடிக்கொண்டு மாட்டினேன்.

முதலில் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு மழையில் தொப்பலாக நனைந்து வந்த வயதான தம்பதி தங்கினார்கள். அவர்கள் ஊருக்குப் போய் யார் யாரிடம் சொன்னார்களோ, அறை காலியாக இருப்பதே அபூர்வமாகிவிட்டது. தெருவில் மற்றவர்களும் அறை திறந்தார்கள். இஸ்திரி போடுகிறவர் விரிப்புகளைச் சமாளிக்க ஆள் வைத்தார். முனை வீட்டு அக்கா சமைத்துக் கொடுத்தே மகளைக் கல்லூரியில் சேர்த்தாள். எனக்கும் மூச்சுவிட நேரமில்லை.

அண்ணி வேலை செய்யும்போது பிறந்த வீட்டுப் படகுப் பாட்டுகளைப் பாடுவாள். "ஆரம்பிச்சுட்டாய்யா!" என்று சலித்துக்கொண்ட தெரு இது. வந்தவர்கள் நாற்காலி இழுத்துப் போட்டுக் கேட்ட பிறகு, அதே ஆட்கள் பிள்ளைகளைக் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். வெளியாள் சொன்னால்தான் நமக்குக் காது திறக்கும் போலிருக்கிறது!

ஒருநாள் அண்ணன் போன் செய்தான். கம்பெனியில் ஒப்பந்தத்தை நீட்டிக்கிறார்களாம்.

"கையெழுத்துப் போடவா, வந்துடவா?"

"வந்துடுங்க. வீடு நல்லா நடக்குது. அங்க லாரி ஓட்டின கை, இங்க நாலு பேரை ஏத்திக்கிட்டு அருவிக்கு வேன் ஓட்டாதா?" என்றாள் அண்ணி.

அண்ணன் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். மகள் ஓடிப்போய்த் துவைத்த துண்டு ஒன்றை எடுத்து வந்து நீட்டினாள்.

"எத்தனை நாள் தங்குவீங்க?"

அண்ணன் முகம் வாடிவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அடியே, அது உங்கப்பாடி!"

"தெரியும் சித்தப்பா. எத்தனை நாள்னுதான் கேட்டேன்."

அண்ணன் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டான். "இனிமே போகவே மாட்டேன் கண்ணு."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து உள்பக்கமாக இழுத்தாள்.

"அப்ப உங்களுக்கு மாடி கிடையாது. கீழ எங்களோடதான் படுத்துக்கணும்."