ரவை டப்பாவில் ஒரு பறிமுதல்

ஓய்வுபெற்ற ஏட்டு ராஜரத்தினம் வந்து பேசாமல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் போதை ஒழிப்பு நாள் நடந்ததாகச் சரித்திரமே இல்லை. சுந்தரபாண்டியத்துக்காரர். முப்பத்தோரு வருஷம் போலீஸ் உத்தியோகம், அதில் பாதி சாராயமும் கஞ்சாவும் பிடிக்கிற பிரிவில். மைக்கைக் கையில் வாங்கினால் முக்கால் மணி நேரம் கீழே வைக்க மாட்டார். வெள்ளைக்காரன் பீகாரில் விவசாயி கழுத்தைப் பிடித்து அபினுக்காகக் கசகசாச் செடி பயிரிட வைத்தது, அதைச் சீனாவுக்குக் கப்பலேற்றி விற்றது, வேண்டாம் என்ற சீனனோடு இரண்டு தடவை சண்டைக்குப் போனது, பாதித் தேசம் பாயில் சுருண்டு கிடந்து புகைத்தது என்று வரிசையாக வரும். "ஒரு பூவு. அம்புட்டுதான். ஒரு நாட்டையே கவுத்திருச்சுலே!" என்று மேசையைத் தட்டும்போது கடைசி பெஞ்சில் தூங்குகிறவனும் எழுந்துவிடுவான்.

இத்தனைக்கும் தம் சர்வீஸில் அவர் அபின் பிடித்தது ஒரே ஒரு முறை. ராஜபாளையத்துக்குத் தெற்கே செக்போஸ்ட்டில், வடக்கேயிருந்து வந்த லாரியில், கருப்பட்டி மாதிரி ஒரு கட்டி. தூங்காமல் வண்டி ஓட்டத் தின்று பழகிய டிரைவர். லாக்கப்பில் இரண்டு நாள் அவன் கைகால் முறுக்கி, மூக்கொழுக, கம்பியில் தலையை மோதிக்கொண்டு, கொஞ்சம் கொடுங்கள் கொஞ்சம் கொடுங்கள் என்று இந்தியில் கெஞ்சியதை ராஜரத்தினம் பக்கத்தில் நின்று பார்த்தார். அதை மட்டும் அவர் எந்த மேடையிலும் சொன்னதில்லை. அபின் தொட்டவன் கதி இதுதான் என்ற பயத்தை மனைவியிடம்தான் ஒருமுறை சொல்லியிருந்தார்.

மனைவி தங்கபாய்க்கு மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்கு இறங்கியபோது, வீடு தேடி வரும் நர்ஸ் ஜெபா மார்ஃபின் மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். அபினிலிருந்து எடுக்கிற மருந்து என்ற உண்மையையும் மறைக்காமல் சொன்னாள். அங்கேதான் வந்தது வினை.

"எம் வீட்டுக்குள்ள அபினா? நான் உசுரோட இருக்கையிலயா?"

ஜெபா பையை மூடிக்கொண்டு போய்விட்டாள். ஒரு மாதம் தங்கபாய் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

பிறகு ஒரு வாரம் அதிசயமாகப் போயிற்று. தங்கபாய் எழுந்து உட்கார்ந்தாள். கோயில் பாட்டு முனகினாள். டிவி சீரியல் மாமியாரைத் திட்டினாள். வாசல்வரை நடந்துபோய், முருங்கைக்கீரை பழுத்திருக்கிறது என்று கீரைக்காரியிடம் வம்பு வளர்த்தாள். வேறு புருஷனாக இருந்தால் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியிருப்பான். ராஜரத்தினம் போலீஸ்காரர் ஆயிற்றே, சந்தேகப்பட்டார்.

மறுநாள் காலை அடுக்களையில் சோதனை. பருப்பு, சேமியா, கடலை என்று டப்பாக்கள் வரிசையாகக் கவிழ்ந்தன. ரவை டப்பாவின் அடியில் இரண்டு மாத்திரை அட்டைகள் அகப்பட்டன. பெயரைப் படித்ததும் ஏட்டையாவின் மீசை துடித்தது.

"ஏட்டி, என்னட்டி இது?"

"ஜெபா ஆஸ்பத்திரிச் சீட்டோட வாங்கித் தந்தது. நான்தான் கேட்டேன்," என்றாள் தங்கபாய், கட்டிலில் இருந்தபடியே. "நோவு எனக்கு. சம்மதம் மட்டும் உங்களதா?"

பழைய கை சும்மா இருக்குமா? எதை எங்கே கைப்பற்றியது என்று முறைப்படி பறிமுதல் மகஜர் எழுதினார். எதிர்வீட்டு ஆண்டிச்சாமியைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். இரண்டாவது சாட்சிக்கு ஆள் அகப்படாமல், பறிகொடுத்தவளிடமே காகிதத்தை நீட்டினார். தங்கபாய் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்தாள். "வெறும் ரவைன்னு எழுதியிருக்கீய. அது கோதுமை ரவை," என்று திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஆண்டிச்சாமி சிரிப்பை அடக்க முடியாமல் வீட்டுக்கு ஓடினார்.

அட்டைகளைத் துணியில் சுற்றித் தைத்து, அரக்கை உருக்கி முத்திரை வைத்து, டிரங்குப் பெட்டியில் பூட்டினார் ராஜரத்தினம். "இனி கோர்ட்டத் தவிர ஒருத்தரும் இத ஒடைக்கக் கூடாது," என்று அறிவிப்பும் செய்தார். அப்போது மணி ஒன்பது. காலை ஆறு மணிக்குப் போட்ட மாத்திரை பத்து மணிவரைதான் தாங்கும் என்பது அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விட்ட பாட்டைத் தொடர்ந்தாள்.

பத்தரைக்குப் பாட்டு நின்றது. பதினொன்றுக்குச் சேலைத் தலைப்பு வாய்க்குப் போனது. ராஜரத்தினம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். லாக்கப்பு டிரைவர் மாதிரி இவளும் இப்போது கெஞ்சப் போகிறாள், கெஞ்சினால் நம் பயம் சரிதான் என்று காத்திருந்தார். அரை மணி நேரம் ஆயிற்று. அவள் கேட்கவே இல்லை. தலையணை மட்டும் நனைந்துகொண்டிருந்தது.

"தங்கம்... மாத்திரை வேணுமாட்டி?"

"வேண்டாம், நீங்க பயப்படுவீய," என்றாள் அவள், மூச்சைப் பிடித்துக்கொண்டு. "செத்த நேரம் வெளிய போயி இருங்க. நான் கெடக்குறத நீங்க பாக்க வேண்டாம்."

டிரைவர் அபினைக் கேட்டான். இவள், புருஷன் பார்க்க வேண்டாம் என்று மட்டும் கேட்கிறாள். ஆயிரம் சாட்சிகளை விசாரித்த மனிதருக்கு அதற்குமேல் விசாரணை தேவைப்படவில்லை. சாவியை எங்கே வைத்தார் என்பது மறந்துபோய், அம்மிக்குழவியால் பூட்டை உடைத்தார். முத்திரையைப் பல்லால் கடித்துத் துப்பினார். மாத்திரையைக் கொடுத்துத் தண்ணீர்த் தம்ளரைச் சாய்த்த அவசரத்தில் அவள் கழுத்தெல்லாம் நனைந்தது. அப்புறம் தரையில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

முக்கால் மணி நேரத்தில் அவள் முகம் தெளிந்தது.

"கோர்ட்டத் தவிர ஒருத்தரும் ஒடைக்கக் கூடாதுன்னீய?"

"இந்த வீட்டுக்கு நீதான்ட்டி கோர்ட்டு."

சாயங்காலம் வந்த ஜெபா நடந்ததைக் கேட்டுப் பிடிபிடியென்று பிடித்தாள். "சர்க்காரே லைசென்ஸ் குடுத்து மத்தியப் பிரதேசத்துல அபின வெளைய வைக்குது ஏட்டையா. போதைக்குத் திங்கிறது வேற, நோவுக்கு அளந்து குடுக்கிறது வேற. நேரம் மட்டும் தப்பக் கூடாது." ராஜரத்தினம் தலையை ஆட்டிக்கொண்டே செல்போனில் அலாரம் வைத்தார்.

அந்த ஜூன் மாதம் வழக்கம்போல ஒரு பள்ளிக்கூடத்தில் மைக் அவர் கைக்கு வந்தது. பீகார் முடிந்து, கப்பல் புறப்பட்டு, முதல் சண்டை பாதியில் இருக்கும்போது சட்டைப் பையில் அலாரம் அலறியது. மணி பத்தாகக் கால் மணி நேரம் இருந்தது.

"மிச்சச் சண்டைய நீங்களே படிச்சுக்கோங்கப்பா. நான் போயி எம் பொஞ்சாதிக்கு அபின் குடுக்கணும்," என்றார்.

தலைமையாசிரியை பாதி எழுந்தபடி நின்றுவிட்டார்.

"ஆமா, அபின்தான். நோவுக்கு டாக்டர் அளந்து குடுத்த அபின். அது வேண்டாம்னு அவள ஒரு மாசம் துடிக்க விட்டேன். என் சர்வீஸ்ல எம்புட்டோ குத்தத்தப் பாத்திருக்கேன், நானே செஞ்சதுல பெரிய குத்தம் அதுதான். இதையும் எழுதிக்கோங்க."

மைக்கை வைத்துவிட்டு, கைதட்டலுக்குக்கூட நிற்காமல் டிவிஎஸ்ஸைக் கிளப்பினார். வாசலில் தங்கபாய் தண்ணீர்ச் செம்போடு உட்கார்ந்திருந்தாள். மணி பத்தாக இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது.