மானிட்டரில் ஒட்டிய பொட்டுகள்

"ஆரோக்கியம் சார், இந்தப் பொம்பளைங்க கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சே அதைக் கெடுத்துட்டாங்க. வந்து இன்னான்னு பாருங்க!"

காலையிலேயே போனில் இப்படிக் கத்தியவர் மேனேஜர் தனபால். மலைமேல் ஜமுனாமரத்தூர் பக்கம் சாமையைச் சுத்தம் செய்து பாக்கெட் போடும் மகளிர் குழு ஒன்றுக்கு அவர்தான் மேனேஜர். நான் போளூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவன். டூல் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

போனால், ஆபீஸ் ரூமுக்குள் சண்டை. சரக்கு ஏற்ற செங்கத்திலிருந்து வேன் வந்து நிற்கிறது. பாக்கெட் எல்லாம் ரெடி, லேபிள்தான் இல்லை. லேபிள் ஒட்டாத சரக்கைத் தொட மாட்டேன் என்கிறார் டிரைவர். மேனேஜர் கையில் பிளேடு. மானிட்டரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டுகளைச் சுரண்டப் போகிறார். குறுக்கே நிற்கிறாள் மல்லிகா. கம்ப்யூட்டரில் உட்காரும் பெண்களில் அவள்தான் மூத்தவள்.

"இன்னிக்கு வேன் காலியா போச்சுன்னா லேபிள் வேலைய போளூர் பிரஸ்ஸுக்குக் குடுத்துடுவேன். நீங்கல்லாம் பழையபடி சாமை பொடைக்கப் போங்க" என்றார் மேனேஜர்.

மல்லிகாவின் முகம் சுண்டிப் போய்விட்டது. அந்த நாற்காலியில் உட்கார அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். மவுஸைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

பொட்டு அவர்களே கண்டுபிடித்த வழி. குழுவில் ஆள் மாற்றி ஆள் உட்காருவார்கள். மெனு பெயரெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? அமுக்க வேண்டிய இடத்துக்கு நேராக மானிட்டர் மேலேயே ஒரு பொட்டு. சிவப்பு என்றால் ஸ்டார்ட். பச்சை பில்லுக்கு, நீளப் பொட்டு லேபிளுக்கு. அதை வைத்து ஜோராக வேலை நடந்துகொண்டிருந்தது.

முந்தின நாள் ஆஃப் செய்யும்போது சிஸ்டம் தானாக அப்டேட் ஆகியிருக்கிறது. காலையில் திறந்தால் மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டன் நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது. எழுத்தெல்லாம் பெரிசாகி, ஐகான்கள் ஓரமாக வரிசை கட்டிவிட்டன. எந்தப் பொட்டுக்குக் கீழும் இருக்க வேண்டியது இல்லை.

"செவப்புப் பொட்டுல அமுக்குனா மழை வருமா வராதான்னு காட்டுதுண்ணா. மழைய நான் வெளிய எட்டிப் பாத்துக்க மாட்டேனா? எனக்கு லேபிள் வேணும்!" என்றாள் மல்லிகா.

சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. எங்கேயோ ஏசி ரூமில் இருக்கிறவன், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பட்டனை நகர்த்திவிட்டுப் போய்விடுகிறான். இங்கே ஒருத்தி வேலைக்கே உலை வைக்கிறது அது. கேட்டால் புது வசதியாம்!

"பிளேட கீழ வைங்க சார். பொட்டு இன்னா பண்ணும்? சிஸ்டம்தான் எடம் மாறிக் கெடக்குது" என்றேன்.

மல்லிகா இறங்கி வந்தாள். "பரவால்லண்ணா, நாங்களே பொட்ட எடுத்து வேற எடத்துல ஒட்டிக்கறோம்."

"நீ ஏம்மா நகரணும்? அது நகரட்டும்!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

சொல்வது சுலபம். இந்த சிஸ்டத்தில் புது செட்டிங்ஸ் ஒன்று, பழைய கன்ட்ரோல் பேனல் ஒன்று. ஒரே வூட்டில் ரெண்டு சமையல்கட்டு கட்டி, உப்பை இங்கேயும் புளியை அங்கேயும் வைத்த மாதிரி. தேடித் தேடி ஸ்டார்ட் பட்டனை இடது மூலைக்கு இழுத்தேன். மழை காட்டும் பெட்டியை ஆஃப் செய்தேன். எழுத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். ஐகான்களைத் தானாக அடுக்கும் வேலையை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றையும் அதனதன் பொட்டுக்கு அடியில் கொண்டுபோய் விட்டேன்.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். "பனி எறங்கறதுக்குள்ள நான் கீழ போவணுங்க! ஆவுமா ஆவாதா?"

மல்லிகா உட்கார்ந்து நீளப் பொட்டில் அமுக்கினாள். லேபிள் திரையில் வந்தது. பிரிண்ட் கொடுத்தால், எந்த ஃபோல்டரில் சேவ் செய்யட்டும் என்று கேட்கிறது!

"நான்தான் சொன்னேன் இல்ல" என்றார் மேனேஜர்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்டேட் சாக்கில் லேபிள் பிரிண்டரைத் தள்ளிவிட்டு, காகிதத்தில் அடிக்காமல் ஃபைலாக மட்டும் சேவ் செய்யும் பிடிஎஃப் பிரிண்டரை முதலில் உட்கார வைத்திருக்கிறது. பிரிண்டரைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ள அதற்கு ஒரு அனுமதி, அதுவும் செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில் ஒளிந்து கிடந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, லேபிள் பிரிண்டரை நிரந்தரமாக்கினேன்.

"இப்ப அமுக்கு."

அமுக்கினாள். கிர்ர்ரென்று ரோல் ஓட ஆரம்பித்தது பாருங்கள், ரூமே ஆரவாரம்! பெண்கள் ஓடிவந்து கிழிக்கக் கிழிக்க ஒட்டினார்கள். டிரைவரும் உட்கார்ந்து ஒட்டினார். பனி வருவதற்குள் வேன் நிறைந்த சுமையோடு இறங்கிப் போனது. எனக்கு அன்றைக்கு ராஜா மாதிரி இருந்தது, பொய் சொல்வானேன்?

சர்வீஸ் வேலைக்கு வரும் தம்பி தங்கைகளே, கஸ்டமர் தப்பாக அமுக்கிவிட்டார் என்று வாய் திறப்பதற்கு முன்னால், அவர் கை எங்கே போகிறது என்று பாருங்கள். பட்டனை அந்தக் கைக்குக் கீழே கொண்டுவருவதுதான் நம் தொழில்.

வேன் போனதும் மேனேஜர் கணக்கு மெயில் அனுப்ப அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். போளூர் பிரஸ் பேச்சையே எடுக்கவில்லை. மவுஸைக் கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் ஓட்டினார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "ஏம்மா மல்லிகா, இதுல மெயிலு எங்க இருக்குது?" என்றார்.

மல்லிகா பர்ஸைத் திறந்து பொட்டு அட்டையை எடுத்தாள்.

"உங்களுக்கு இன்னா கலருங்க வேணும்?"