சுடலைமுத்துவின் வண்டி

போன வாரம் வள்ளியூர் பெட்ரோல் பங்கில் ஸ்கூட்டரோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒருவர், பின்னால் மீன்கூடை கட்டிய பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியை மிதித்துக் கிளப்பினார். பொசுக்கென்று நீலப்புகை. எரிந்த எண்ணெயின் அந்த வாசம் மூக்கில் ஏறியதும் என் இடது கை விரல்கள் தாமாக மடங்கிக் கிளட்சைப் பிடித்தன. ஸ்கூட்டரில் ஏது கிளட்ச்? பிரேக்கைப் பிடித்தபடி அசையாமல் நின்றிருக்கிறேன். பின்னால் இருந்தவர், "யக்கா, முன்னாடி போங்க. தூங்குதீயளா?" என்றார்.

தூக்கம் இல்லை. அந்தப் புகைக்குள் எனக்கு ஒரு ஆறு தெரிந்தது.

உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள். நான் ஒரு காலத்தில் ரேஸ் ஓட்டியவள். அதுவும் டிராக் ரேஸ். வளைவு கிடையாது, சுற்று கிடையாது. இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் நேராகப் பாய்ந்து கோட்டைத் தாண்ட வேண்டும். ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் ரேஸ் முடிந்துவிடும். வீட்டுக்காரரிடம் கல்யாணத்துக்குப் பிறகு இதைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மாவு அரைத்தாயிற்றா என்று கேட்டார்.

அப்போது நான் தச்சநல்லூரில் ஒரு டூ-வீலர் உதிரிபாகக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். கடையின் பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் வேலை பார்த்தவர் இசக்கிராஜா அண்ணன். கடற்கரைப் பக்கம் கைவிடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்றில் டிராக் ரேஸ் நடக்கப்போகிறது என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கவில்லை என்றால் இரண்டு புரோட்டா குறைந்தது, அவ்வளவுதான். ஆள் அவ்வளவு கனம். அதுதான் பிரச்சினையும்.

"ஸ்டாக் கிளாஸுன்னு ஒண்ணு இருக்கு பிள்ள. கம்பெனில இருந்து வந்த வண்டி எப்படி இருக்கோ அப்படியே ஓட்டணும். ஒரு சாமானையும் மாத்தக்கூடாது. நம்மள மாதிரி கையில ஒண்ணுமில்லாதவனுக்கு அதுதான் சரி" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அப்போது காற்றடித்தால் கொடியில் காயும் துணியோடு சேர்ந்து பறக்கிற ஆகிருதி. "எஞ்சின்ல கை வைக்க முடியாதுன்னா, ஓட்டுத ஆளத்தான் கொறைக்கணும். நீ ஓட்டுதியா?"

ஏன் சரி என்றேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நாள் முழுக்க பல்பும் பிரேக் ஒயரும் எண்ணிக்கொண்டிருந்த சலிப்பாக இருக்கலாம்.

ஆள் கிடைத்தாயிற்று, வண்டி வேண்டுமே. ஆற்றுக்கு அக்கரையில், வாழைத்தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டில் டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்று தார்ப்பாய்க்கு அடியில் சும்மா நிற்பதாக அண்ணன் கேள்விப்பட்டிருந்தார். யாரும் அதைக் கேட்டுப் போகாததற்குக் காரணமும் கேள்விப்பட்டிருந்தார். வண்டிக்காரர் சுடலைமுத்து ஒரு ஐப்பசி மாதத்தில் படித்துறைக்குப் போனார், திரும்பவில்லை. ஆற்றில் வெள்ளம். உடம்பு கிடைக்கவே இல்லை. ஊர்க்காரர்கள் போய்ப் பார்த்தபோது வண்டி மட்டும் படித்துறையில் ஸ்டாண்டு போட்டு நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டே. குளிக்கப் போகிறவன் எஞ்சினை அணைக்காமலா போவான்?

நாங்கள் போனபோது சுடலைமுத்துவின் மனைவி பேச்சியம்மாள்தான் கதவைத் திறந்தாள். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். நெற்றியில் பெரிய பொட்டு. பின்னால் கட்டிலில் அவளுடைய மாமனார் உட்கார்ந்திருந்தார். மகன் செத்துவிட்டான் என்று அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. காரியம் செய்யவும் விடவில்லை, மருமகள் பொட்டை எடுக்கவும் விடவில்லை.

வண்டியை விற்பார்களா என்று அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"விக்கிறதுக்கு இல்ல. ஆனா எடுத்திட்டுப் போங்க" என்றார் பெரியவர். "நின்னா வண்டி செத்துப் போகும். ஓட்டிக்கிட்டே இருங்க. அவன் வரும்போது ஓடுத வண்டியா இருக்கணும். ஒண்ணு மட்டும், எதையும் மாத்திப்பிடாதீய. அவன் வண்டின்னு அவனுக்குத் தெரியணும்."

எதையும் மாற்றக்கூடாது என்பதுதானே எங்கள் சட்டமும். அண்ணன் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

பயிற்சிக்கு இடமும் ஓசியில் அமைந்தது. ஆற்றுக்கு இக்கரையில் புதுப் பாலத்துக்காகப் போட்ட சாலை ஒன்று பாதியில் நின்றிருந்தது. பாலம் வரவில்லை. நூல் பிடித்தாற்போல் நேராக வந்து ஒரு மண்மேட்டில் முடியும். அதற்கப்பால் ஆறு. ஆற்றுக்குள் தலை இல்லாத தூண்கள். விடியும் நேரத்தில் பனிமூட்டத்துக்குள் அவை மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். ஆட்கள் குளிக்க இறங்கி, எதையோ கேட்டு அப்படியே நின்றுவிட்டதுபோல.

அண்ணனுடைய மச்சானின் ஹெல்மெட் எனக்குப் பெரிதாக இருந்ததால் உள்ளே துண்டைச் சுற்றிக்கொண்டேன். மழைக்கு வாங்கிய ரெக்சின் கோட்டு, பள்ளிக்கூடத்து ஷூ. அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்த அம்மா, "சந்திரனுக்கா போற?" என்றாள். முதல் நாள் கிளட்சைச் சட்டென்று விட்டேன். முன்சக்கரம் எழும்பி, என்னைப் பின்னால் தரையில் உட்கார வைத்துவிட்டு வண்டி மட்டும் கொஞ்ச தூரம் போய்ப் படுத்துக்கொண்டது. பைய விட்டால் வண்டி செருமிக்கொண்டு நிற்கும். சட்டென்றும் இல்லாமல் பையவும் இல்லாமல் ஒரு இடம் இருக்கிறது, அதைக் கை கண்டுபிடிக்க வேண்டும். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைப்பது, டேங்கில் வேண்டிய அளவுக்கு மேல் பெட்ரோல் வைக்காமல் இருப்பது, சங்கிலியைத் துடைப்பது... காசில்லாதவன் செய்யக்கூடியது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஓட்டி ஓட்டித்தான்.

ஒரு விஷயம் மட்டும் ஆரம்பத்திலேயே உறுத்தியது. வேகம் பிடிக்கும்போது பக்கத்தில் இன்னொரு வண்டி வருகிற சத்தம் கேட்கும். "தூண்ல பட்டு எதிரொலிக்கு பிள்ள" என்றார் அண்ணன். இருக்கலாம். ஆனால் நான் ஆக்சிலேட்டரை மூடிய பிறகும் அந்தச் சத்தம் உடனே மூடாது. அக்கரைப் பக்கமாகப் போய்த்தான் அடங்கும்.

ஒரு மத்தியானம் பேச்சியம்மாள் கடைக்கு வந்தாள்.

"வண்டிய ஆத்தங்கரையிலயா ஓட்டுதீய?"

ஆமாம் என்றேன்.

"காலைல சத்தம் கேட்டதும் மாமா எந்திச்சிருதாவ. வாசலத் தொறந்து வைக்காவ. 'அவன் வாரான், வெந்நி போடு'ன்னு என்னைய எழுப்புதாவ."

வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்றார் அண்ணன். அவள் பதறிப்போனாள்.

"ஐயோ, நிறுத்திராதீய அண்ணாச்சி. அவிய இப்பந்தான் ஒழுங்கா சாப்பிடுதாவ. சத்தம் கேட்ட அன்னைக்கெல்லாம் முழுச் சோறு திங்காவ."

அதற்குப் பிறகு பயிற்சி முடிந்ததும் அவருக்காகவே ஒரு தடவை மெதுவாக ஓட்டுவேன். வீடு திரும்புகிறவன் ஓட்டுவதுபோல. அக்கரையில் எங்கோ ஒரு கதவு திறந்திருக்கும் என்று நினைக்கும்போது பயமும் வரும், ஒரு மாதிரி பெருமையாகவும் இருக்கும். நம் சத்தத்துக்கு ஒருவர் காத்திருக்கிறாரே!

ரேஸ் நெருங்கிய வாரத்தில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. அண்ணன் எஞ்சினைக் கழற்றிவிட்டார். அதே கம்பெனிக் கிளட்ச் தட்டுகள் பழைய இரும்புக்கடையில் சிக்குமா என்று தேடிக்கொண்டிருந்தோம். சில நாளாக ஆற்றங்கரைக்கே போகவில்லை. அப்போது பேச்சியம்மாள் தூக்குச்சட்டியில் புளிக்குழம்பும் சோறுமாக வந்தாள். முகமே மாறியிருந்தது.

"இன்னைக்கு வீட்டுப் பக்கமே வந்தீயளா? சொல்லக்கூடாதா? தெரு முனை வரைக்கும் சத்தம் வந்து நின்னுச்சே. நானுங் கேட்டேன். மாமா ஓடுதாவ, நான் கையப் பிடிச்சு நிறுத்த வேண்டியதாப் போச்சு."

அண்ணன் மூலையில் கிடந்த சாக்கைத் தூக்கிக் காட்டினார். மண்ணெண்ணெய்த் தட்டில் பிஸ்டன், கிளட்ச் கூடை, நட்டு போல்ட்டு எல்லாம் தனித்தனியாகக் கிடந்தன.

பேச்சியம்மாள் அதைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"அப்போ அது யாரு?" என்றாள்.

தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அண்ணன் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

ரேஸுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. கிளட்ச் தட்டு எப்படியோ சிக்கி எஞ்சினைப் பூட்டியதும், டெம்போவில் வண்டியைக் கட்டி ஏற்றிக்கொண்டு, குலசேகரன்பட்டினம் போகிற வழியில் செம்மணல் மேடுகளான தேரிகளைத் தாண்டிப் போனோம். ஓடுதளத்தைச் சுற்றி உடைமுள் புதர். கண்ணுக்கெட்டிய வரை சுவரும் இல்லை, கட்டடமும் இல்லை. பளபளவென்று வண்டி வைத்திருந்த பையன்கள் என் கோட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். முதல் சுற்றில் எதிராளி பச்சைக்கு முன்னாலேயே பாய்ந்து வெளியேறினான். என் திறமை ஒன்றும் இல்லை.

இரண்டாவது சுற்றில் எனக்கு இடது பக்கத் தடம். எதிராளி வலது பக்கம். பச்சை எரிந்தது. கை அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டது. வண்டி அப்படிப் போய் நான் பார்த்ததே இல்லை. வலது பக்கத்துச் சத்தம் பின்னால் நழுவியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது இடது பக்கத்தில், தடமே இல்லாத பக்கத்தில், இன்னொரு வண்டி வந்தது. அதே சத்தம். என்னோடு கூடவே, என் காதருகே.

திரும்பிப் பார்த்துவிட்டேன். முள்ளும் மண்ணும்தான். கை தளர்ந்ததில் எதிராளி ஒரு சக்கர தூரம் முந்திக் கோட்டைத் தாண்டினான்.

திரும்பி வந்தேன். நன்றாகப் போன வண்டி ஏன் தோற்றது, நடுவில் என்னத்தைத் திரும்பிப் பார்த்தாய் என்று அண்ணன் திட்டியிருக்க வேண்டும். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு, "இத வீட்ல விட்டுட்டுப் போயிருவோம் பிள்ள" என்றார்.

நாங்கள் வருவது அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் போய்ச் சேர்ந்தபோது வாசல் திறந்திருந்தது. அண்டாவில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. பெரியவர் வண்டியைச் சுற்றி வந்து சீட்டைத் தடவினார். சைலன்சரில் கையை வைத்தவர், சுட்டதுபோல் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். மத்தியானம் முழுக்க டெம்போவில் சும்மா வந்த வண்டி. நான் தொட்டுப் பார்த்தேன், ஆற்று மணலைப்போல் குளிர்ந்திருந்தது.

"வந்துட்டான்" என்றார் அவர். குரலில் அழுகை இல்லை, அலுப்புத்தான் இருந்தது. எங்கோ தூரத்திலிருந்து நடந்தே வந்தவரைப்போல. பிறகு மருமகளைப் பார்த்து, "இனிமே காரியத்தப் பண்ணிருவோம் தாயி" என்றார்.

மறு வாரம் படித்துறையில் காரியம் நடந்தது. நாங்களும் போயிருந்தோம். சொந்தக்காரப் பெண்கள் பேச்சியம்மாளைச் சுற்றி நின்றுகொண்டு பொட்டை எடுக்கப் போனார்கள். பெரியவர் தண்ணீரில் நின்றபடியே சத்தம் போட்டார். "அதத் தொடாதீய! போனவன் போயிட்டான். அவ இருக்கா, இருக்கட்டும்." பெண்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தம் கேட்கவில்லை என்று பேச்சியம்மாள் சொன்னாள். அடுத்த வருஷம் பெரியவர் போய்ச் சேர்ந்தார். அவள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். கொஞ்ச காலம் போனில் பேசிக்கொண்டோம், பிறகு அதுவும் நின்றது. இசக்கிராஜா அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள்.

பாலமும் வந்துவிட்டது. போன தீபாவளிக்குப் பஸ்ஸில் அந்த வழியாகத்தான் போனேன். அக்கரைக்கு இறங்கியதும், அந்த வீடு எங்கே இருந்தது என்று ஜன்னல் வழியாகத் தேடினேன். வாழைத்தோட்டம் இல்லை. தெரு இல்லை. நாலு தடத்துச் சாலை வீட்டின் மேலேயே போய்விட்டிருந்தது. எந்த இடத்தில் அந்த வாசல் திறந்திருந்தது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பஸ் அதைத் தாண்டியிருந்தது.