பெயிண்டுக்கு முன்னால் பூட்டைப் பாருங்கள்

எங்கள் கார் பழசு. உத்தமபாளையம் சந்தையில் ஒரு காய்கறி வேன் அதன் இடது கதவில் இடித்துவிட்டது. புதுக் கதவு போட வசதியில்லை. டிங்கர் கடையில் தட்டிச் சரிசெய்யக் கொடுத்தோம். திரும்பி வந்தபோது கதவு பளபளவென்று இருந்தது. நானும் மெச்சினேன்.

கோம்பைக்குத் திரும்பும் வழியில், ஒரு வளைவில் அந்தக் கதவு தானாகத் திறந்துகொண்டது. அதில் சாய்ந்திருந்த நான் பாதி உடம்பு வெளியே தொங்கினேன். சீட் பெல்ட் இல்லையென்றால் இதை எழுத நான் இல்லை.

வீட்டுக்காரர் அப்படியே கடைக்கு வண்டியைத் திருப்பினார். உள்ளே வளைந்திருந்த பூட்டைக் கடைக்காரன் தொடவேயில்லை. பள்ளத்தில் பட்டி பூசி, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறான்.

“பழைய வண்டிதான ஆத்தா, இம்புட்டுப் போதும்னு நெனச்சேன்” என்றான்.

“ஏலே, நானுந்தான் பழசு. ரோட்டுல விழுந்து சாகட்டும்னு நெனச்சியா?”

அவனையே பழைய சாமான் கடையில் நல்ல பூட்டாக வாங்கிவரச் செய்து, மாட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்போதெல்லாம் எந்தக் கடையானாலும், நான் கதவை ஓங்கிச் சாத்தி இழுத்துப் பார்த்த பிறகுதான் பெயிண்ட். முனகுகிறார்கள். முனகட்டும். விழப்போவது அவர்களில்லை, நான்.