சாரைக்கு ஜோடி

வீராசாமிக்கு யாரையும் நம்ப வராது. பால்காரர் ஊற்றும் பாலை விரலால் தொட்டுப் பார்ப்பார். மருந்துக்கடையில் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வரிசையையே நிறுத்திவிடுவார். ஆனால் ஒரு கதையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். சாரை ஆண், நல்ல பாம்பு பெண், இரண்டும் ஜோடி. வரப்பில் சாரை தெரிந்தால் பின்னாலேயே நல்ல பாம்பு வருகிறது என்று தடியைத் தூக்கிவிடுவார். இந்த வருஷம் மட்டும் ஐந்தை அடித்துப் போட்டார். பாவம், சாரைக்கு விஷமே கிடையாது.

திருவாலங்காட்டில் அவருக்கு இருப்பது ஒரு ஏக்கர். கதிர் முற்றுகிற நேரத்தில் ஒரு காலை, வயலுக்கு நடுவில் பத்துப் பன்னிரண்டு தூர் அறுபட்டுக் கிடந்தது. வெட்டு சாய்வாக, அரிவாள் போட்டதுபோல் சுத்தமாக இருந்தது. கதிர்களைக் காணோம். மறுநாள் இன்னும் அதிகம். வீட்டுக்கு வருஷச் சோறே அந்த வயல்தான்.

அந்த வாரம் வரப்பில் நடந்த வெளியாள் ஒருவன்தான். அரக்கோணத்திலிருந்து மோட்டார் பார்க்க வரும் மெக்கானிக் பாஷா. பதினைந்து வருஷப் பழக்கம். அதெல்லாம் வீராசாமியிடம் செல்லுமா?

“என் கதிர அறுத்துகினு போறது நீதானேடா?” என்று நடுரோட்டில் நாலு பேர் பார்க்கக் கேட்டுவிட்டார்.

பாஷா வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

நான்காம் நாள் வரப்பில் நடந்த மனைவி எல்லம்மாளின் கால் மண்ணுக்குள் இறங்கியது. மண்வெட்டியால் கொத்திப் பார்த்தால் எலி வளை. உள்ளே நெற்கதிர் அடைத்துக் கிடந்தது. பக்கத்திலேயே கண் திறக்காத எட்டுக் குஞ்சுகள்.

“பாரு நல்லா! நெல்ல எலி துன்னுது, எலிய சாரை துன்னுது. நீ சாரைய அடிச்சுப் போட்டுட்ட, அப்பறம் எலிக்கு இன்னாய்யா பயம்? அந்தப் புள்ளையப் போயி திருடன்னியே!”

வீராசாமிக்கு முகம் செத்துப்போனது. அன்று மாலையே அரக்கோணத்துக்கு ரயில் ஏறினார்.

“எலி வேலை பாஷா அது. மனசுல வெச்சுக்காத.”

“ஆங், சரிங்க நைனா.”

அடுத்த வாரம் மோட்டார் நின்றுபோனது. கூப்பிட்டதும் பாஷா வந்தான், வேலையை முடித்தான், எல்லம்மாள் கொடுத்த டீயையும் குடித்தான். அப்பாடா என்றிருந்தது வீராசாமிக்கு.

கிளம்பும்போது பாஷா, யாரும் கேட்காமலேயே, தன் பையைத் திறந்து ஒவ்வொரு சாமானாக எடுத்து அவர் காலடியில் வைத்தான்.

“நல்லா பாத்துக்குங்க நைனா. அப்பறம் நான் போயிருவேன்.”